பாட்டி ஏன் முறைக்கிறார்?



உங்கள் வீட்டு முன்கூடத்துச் சுவரைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். மேல் வரிசையில் முருகனும் மாரியம்மனும் இருப்பார்கள். சில வீடுகளில் அடுத்தாற்போல் நேதாஜி இருப்பார். அது அந்தத் தலைமுறையின் பக்தி. அவர்களுக்குக் கீழே சந்தனப் பொட்டும் பிளாஸ்டிக் மாலையுமாகத் தாத்தாவோ பாட்டியோ இருப்பார். தாத்தாவை விடுங்கள். பாட்டியை மட்டும் இன்றைக்கு நன்றாகப் பாருங்கள். முந்தானையில் காசு முடிந்து வைத்துப் பேரப்பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தவர், லயத்து வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிச் சிரித்தவர், படத்தில் மட்டும் ஏன் கடன் கேட்டு வந்தவரைப் பார்ப்பதுபோல் முறைக்கிறார்?

"பழைய காலத்து மனுசி, படம் எடுக்கப் பயந்திருப்பாங்க" என்று வீட்டில் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய உண்மை ஒன்று இருக்கிறது. அந்தப் படம் பெரும்பாலும் உங்களுக்காக எடுத்ததே அல்ல, அரசாங்கத்துக்காக எடுத்தது.

1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அதே ஆண்டில், 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எல்லாரும் அடையாளக் கார்டு எடுத்தாக வேண்டும் என்று விதி வந்தது. கார்டில் முகப்படம் வேண்டும். பெருவிரல் ரேகை வேண்டும். அதுவரை தன் முகத்தைத் தகரக் கண்ணாடியிலும் பால் வாளித் தண்ணீரிலும் மட்டுமே பார்த்திருந்த எத்தனையோ தோட்டத்துப் பெண்களுக்கு வாழ்க்கையில் முதல் படம் அதுதான். வெயிலில் வரிசை. முன்னால் முன்பின் தெரியாத ஒருவர். "நேரே பார், அசையாதே" என்ற அதட்டல். அந்த நாளில் அவசரகாலம் என்றால் முள்வேலி, ஊரடங்கு, அரிசிக்குக்கூடக் கட்டுப்பாடு. அப்படிப்பட்ட வேளையில் எடுத்த படத்தில் யார்தான் சிரிப்பார்?

அந்தப் பெருவிரல் அளவுப் படம்தான் பிற்காலத்தில் பெரிதாகி, கண்ணாடிச் சட்டத்துக்குள் போய், உங்கள் சுவரில் ஏறியது. எப்படி ஏறியது என்பதைச் சொல்லத்தான் இன்றைய பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

நான் பிறந்தது தோட்டத்தில். தொழில் கற்றது பட்டணத்துப் படக்கடையில். 1960-களின் கடைசியில் ஒரு சீனத் தவுக்கேயிடம் கையாளாகச் சேர்ந்தேன். தரை கூட்டுவதில் தொடங்கி, தண்ணீர் சுமந்து, படம் கழுவி, பிறகு இருட்டறைக்குள் போனேன். அதனால் கடையின் முன்வாசலையும் தெரியும், பின்கட்டையும் தெரியும்.

அடையாளக் கார்டோடு வருகிறவர்களை வாசலிலேயே கண்டுகொள்ளலாம். தலை குளித்த ஈரத்தோடு, மொட்டைத் தலையோடு, கைக்குட்டையில் எதையோ பொத்திக்கொண்டு வந்து நிற்பார்கள். அவிழ்த்தால் செத்துப்போனவரின் கார்டு இருக்கும். "அம்மா படம் வேற இல்லீங்க. இதைப் பெரிசாக்கித் தாங்க. கார்டைத் திருப்பிக் கொடுத்துடணுமாம்." சாவைப் பதியும்போது கார்டை ஒப்படைக்க வேண்டும் அல்லவா? அதற்குமுன் முகத்தை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற அவசரம் அது. கருமாதிக்குள் படம் வேண்டும். தவுக்கே மறுபேச்சுப் பேசமாட்டார். அன்றைக்குக் கல்யாண வேலையே இருந்தாலும் ஒதுக்கிவிட்டு இதை எடுத்துக்கொள்வார்.

வேலை லேசானதல்ல. முதலில் கார்டைப் பலகையில் குத்தி, இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, அதையே மறுபடி படம் எடுக்க வேண்டும். அந்த நெகட்டிவ்வைப் பெரிதாக்கினால் முகம் மட்டுமா பெரிதாகும்? கார்டின் கீறல், மடிப்பு, வியர்வைக் கறை, சில வேளை கன்னத்தின் மேல் விழுந்த முத்திரை, எல்லாமே கூடவே பெரிதாகிவிடும். மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக மறைக்க வேண்டும். முத்திரை மறைத்த கன்னத்தை மற்றக் கன்னத்தைப் பார்த்து வரைய வேண்டும். பிறகு கண். சிறிய படத்தைப் பெரிதாக்கினால் கண் இரண்டும் வெறும் கறுப்புக் குழியாகிவிடும். கருவிழியில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி ஒன்று வைத்தால்தான் உயிர் வரும். அந்தப் புள்ளியைத் தவுக்கே யாரிடமும் விடமாட்டார், தாமே வைப்பார். கொஞ்சம் தவறினால் பாட்டி மாறுகண் ஆகிவிடுவார்!

இதற்குமேல் பிள்ளைகளின் ஆசைகள் வேறு. "அம்மாவுக்கு ஒரு பொட்டு வச்சுடுங்க." "மூக்குத்தி தெரியலீங்க, போட்டுடுங்க." "அப்பாவுக்குக் கோட்டு மாட்டிடுங்க." காண்டா வாளி சுமந்து தழும்பேறிய தோளில் கறுப்புக் கோட்டு ஏறும். சிரிப்பு மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் கொடுக்க முடியாது. உதட்டின் ஓரத்தை வளைத்தால் முகமே வேறு ஆளாகிவிடும். ஆகவே முறைப்பு அப்படியே நின்றுவிட்டது.

அந்தப் பெருவிரல் அளவுப் படம்கூட இல்லாதவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று நினைத்திருக்கிறீர்களா? ஜப்பானியர் காலத்தில், 1942-லும் 1943-லும், சயாம் ரயில் பாதை வேலைக்கு நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனார்கள். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குச் சுமார் 415 கிலோமீட்டர் பாதை. போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. 1948-க்கு முன்பே போய்விட்டவர்கள் என்பதால் அவர்களுக்குக் கார்டும் கிடையாது, படமும் கிடையாது. போருக்கு முன் பட்டணங்களில் படக்கடைகள் இருக்கத்தான் செய்தன. ஜப்பானியர்களே பல ஊர்களில் கடை வைத்திருந்தார்கள். ஆனால் பால்வெட்டுத் தொழிலாளி படியேறிப் போகிற இடமாக அது இருக்கவில்லை. ஆகவே அந்தத் தலைமுறைத் தாத்தா பலருக்கு வெறும் பெயர் மட்டுமே மிச்சம். சில வீடுகளில் அதுவும் இல்லை. இப்படி இருக்கும்போது, முறைக்கிற பாட்டி சுவரில் இருக்கிறார் என்றால் அது சாதாரண விஷயமா?

நாமாக விரும்பி, வெள்ளி கொடுத்துப் படம் எடுத்துக்கொண்ட காலம் பிறகுதான் வந்தது. சம்பளம் வாங்கிய ஞாயிறு, தீபாவளி, தைப்பூசம். குடும்பமே பஸ் ஏறிப் பட்டணம் போகும். கடையின் முன்னறையில் ஒரு கண்ணாடி, ஒரு சீப்பு, ஒரு டப்பா பவுடர், ஆணியில் தொங்கும் ஒரு கோட்டு, ஒரு கழுத்துப் பட்டை. எல்லாம் பொதுச் சொத்து! அந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு எத்தனையோ மாப்பிள்ளைகள் படம் எடுத்திருக்கிறார்கள். குட்டையானவர் போட்டால் முதுகுப் பக்கம் துணி ஊசி குத்தி இறுக்கிவிடுவோம். முன்னாலிருந்து பார்க்கிற கேமராவுக்கு முதுகு தெரியாது.

உள்ளே போனால் சீலையில் வரைந்த மாளிகைப் படிக்கட்டு, தூண், தூரத்தில் ஒரு ஏரி. பக்கத்தில் முக்காலி, அதன்மேல் பூச்சாடி. கணவர் உட்காருவார், மனைவி நாற்காலியில் கை வைத்து நிற்பார். கைக்கடிகாரம் உள்ளவர் அந்தக் கையை முழங்கால்மேல் வைத்து, கடிகாரம் தெரிகிற மாதிரி திருப்பிக்கொள்வார். தவுக்கே கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்ப்பார். பழைய பெட்டிக் கேமராவில் ஆட்கள் தலைகீழாகத் தெரிவார்கள். ஆகவே நம்மவர்களை எல்லாம் அவர் முதலில் தலைகீழாகத்தான் பார்த்தார். பிறகு "ஜாங்கான் கெராக்!" என்ற குரல். அசையாதே என்றதும் மூச்சையும் சேர்த்து அடக்கிக்கொள்வது நம் வழக்கம்.

மூன்று பேர் நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்பார்கள். கணவன், மனைவி, மாமியார் என்று மூவர் வந்துவிட்டால் நாலாவது ஆளைத் தேட வேண்டும். பக்கத்துக் கடைப் பையனை இழுத்து வந்து நிறுத்துவோம். உங்கள் வீட்டுப் பழைய படத்தில் யாருக்கும் அடையாளம் தெரியாத ஒரு பையன் நிற்கிறானா? அவனைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம்.

பச்சைக் குழந்தைப் படம் இருந்தால் அதை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். குழந்தை தானாக உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும். ஆறு மாதக் குழந்தை தானாக உட்காருமா? நாற்காலிமேல் போட்ட துணிக்குப் பின்னால் தாய் மண்டியிட்டுப் பிடித்துக்கொண்டிருப்பார். சில படங்களில் துணியின் ஓரத்தில் இரண்டு விரல், ஒரு வளையல் தெரியும். அந்த விரல் யாருடையது என்று இன்றைக்குச் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பல அம்மாமார்களுக்கு இளவயதுப் படம் என்று இருப்பது அந்த இரண்டு விரல்தான்.

கடையின் பின்கட்டுக்கு வாருங்கள். கடைக்கு மேலேதான் வீடு. தவுக்கேயின் மனைவி முதுகில் குழந்தையைத் துணியால் கட்டிக்கொண்டு, ஜன்னல் ஓரம் சாய்ந்த கண்ணாடிப் பலகையில் நெகட்டிவ்வை வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் டச்சிங் செய்வார். நெகட்டிவ்வில் எல்லாம் மாறித் தெரியும். கறுப்பு வெளுப்பாகும், வெளுப்பு கறுப்பாகும். அதில் பென்சிலால் கறுப்புப் பூசினால் கழுவி எடுத்த படத்தில் அந்த இடம் வெளுத்துவிடும். முகச்சுருக்கம், அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாம் அப்படித்தான் மறைந்தன. காலை நாலு மணிக்கு எழுந்து பால்வெட்டப் போன களைப்பை அந்த அம்மாள் அரை மணி நேரத்தில் பென்சிலால் அழித்துவிடுவார்.

அடுத்த அறையில் படங்களைக் கழுவி, அலசி, பளபளப்பான தகட்டில் ஒட்டிக் காயவைத்து, ஓரம் வெட்டுவது பிள்ளைகள் வேலை. பள்ளிக்கூடப் பாடத்தை இருட்டறை வாசலில் உட்கார்ந்து படிப்பார்கள். உள்ளே சிவப்பு விளக்கு எரிகிறபோது கதவைத் திறந்தால் அன்றைய காகிதமெல்லாம் பாழ் என்பது மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். நம் தீபாவளியும் அவர்களுடைய சீனப் பெருநாளும் அந்த வீட்டுக்கு வேலை நாட்கள். ஊரே புத்தாடையில் வந்து நிற்கும்; அந்தப் பிள்ளைகள் வீட்டு உடையில் விளக்குப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தக் குடும்பம் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் ஒன்றை நான் அங்கிருந்தவரை பார்த்ததில்லை.

வர்ணப் பிலிம் நம் கைக்கு எட்டுமுன், கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வர்ணம் தீட்டுவார்கள். பஞ்சில் எண்ணெய் வர்ணத்தைத் தொட்டு மெல்லத் தேய்க்க வேண்டும். அதற்குச் சேலையின் நிறம் தெரிய வேண்டுமே! "சாரி, வர்ணா அப்பா?" என்று அந்த அம்மாள் மலாயில் கேட்பார். ஊரிலிருந்து வந்து மலாய் படியாத ஒரு கிழவி, "அப்பா வரலீங்க, வேலைக்குப் போயிருக்காரு" என்று பதில் சொன்னது எங்கள் கடையில் நெடுநாள் சிரிப்பு. நம் பெண்கள் சொல்லும் நிறம் லேசானதா? மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கத்தரிப்பூ! அம்மாளிடம் இருந்ததோ ஆறேழு வர்ணக் குழாய்கள். கத்தரிப்பூவை நான் "தெரோங்" என்று மொழிபெயர்த்துச் சொன்னேன். கத்தரிக்காய் நிறத்திலேயே சேலை வந்துவிட்டது!

இந்தத் தொழிலில் என் மனம் ஒப்பாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பெண் பார்க்கும் படம். தரகர் கையில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகிற படம். பெண்ணைப் பெற்றவர்கள் கடையில் வந்து கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "கொஞ்சம் சிவப்பாப் போட்டுத் தாங்க." இருட்டறையில் அது பெரிய வித்தையல்ல. காகிதத்தின்மேல் ஒளி விழும்போது முகத்துக்கு நேரே விரலை ஆட்டிக் கொஞ்சம் மறைத்தால் போதும், முகம் வெளுத்துவிடும். மாப்பிள்ளை வீட்டார் அந்த முகத்தை நம்பிப் பெண் பார்க்க வருவார்கள். வெயிலில் வேலை செய்கிற பெண் படத்தைவிடக் கறுப்பாகத்தானே இருப்பாள்? படம் திரும்பி வந்துவிடும். திரும்பி வந்த படங்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்த தாய்மார்களை நான் அறிவேன். கைபேசியில் இன்றைக்கு விரலால் ஒரு தட்டுத் தட்டினால் முகம் வெளுக்கிறது. கருவி மாறியிருக்கிறது, கேட்பது மாறவில்லை.

இன்னொரு வேலை இருந்தது. கணவனையும் மனைவியையும் சேர்த்துப் போடும் படம். ஒருவர் செத்துப்போயிருப்பார்; அல்லது ஊரில் இருப்பார். இருவரும் சேர்ந்து ஒரு நாளும் கேமரா முன் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். தனித்தனிப் படம் இரண்டையும் ஒரே அளவாக்கி, வெட்டி ஒட்டி, ஒட்டிய இடத்தைத் தூரிகையால் மறைத்து, மறுபடி படம் எடுத்தால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவருக்கு வெளிச்சம் இடப்பக்கமும் மற்றவருக்கு வலப்பக்கமும் விழுந்திருந்தால் திண்டாட்டம்தான்.

ஒரு முறை ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் வந்தார். கணவர் இறந்து பதினைந்து ஆண்டு. கையில் இருந்தது அவருடைய பழைய கார்டுப் படத்தின் பிரதி ஒன்று. அதில் அவருக்கு முப்பது வயதுகூட இராது. அந்த அம்மாவைப் படம் எடுத்துச் சேர்த்து வைத்துப் பார்த்தால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கணவர் மாதிரி இல்லை. மகன் மாதிரி இருக்கிறார். தவுக்கே தாடையைச் சொறிந்தார். என்னைக் கூப்பிட்டு, "அவருக்கு நரை போடலாமா, கேள்" என்றார். கேட்டேன். அந்த அம்மா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "வேணாம் தம்பி. அவரு நரைச்சு நான் பார்த்ததில்லை. அவரு அப்படியே இருக்கட்டும். முடிஞ்சா என்னையக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க" என்றார்.

குறைத்துத்தான் போட்டோம். தவுக்கேயின் மனைவி அந்த நெகட்டிவ்வில் ஒரு நாள் முழுக்க வேலை செய்தார். அதற்காகக் கூடுதல் காசு வாங்கியதாக எனக்கு நினைவில்லை.

பட்டணத்துக்கு வர முடியாதவர்களுக்கு நாங்களே தோட்டம் போவோம். சம்பள நாளில் மோட்டார் சைக்கிளில் கேமராப் பையோடு போனால் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வருவார்கள். லயத்துச் சுவரில் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டால் அதுவே ஸ்டூடியோ. கிராணி வீட்டு நாற்காலி இரவல் வரும். மேலேயிருந்து குனிந்து பார்க்கிற கேமரா. ஒரு ரோலில் 12 படம். பதின்மூன்றாவது குடும்பத்துக்குப் பதில் சொல்லத்தான் முடியாது. சாவு வீட்டுக்கும் கூப்பிடுவார்கள். பாடையைச் சுற்றி உறவினர்கள் எல்லாரும் நிற்க ஒரு படம். அதைக் கழுவி ஊருக்கு அனுப்ப வேண்டும். இன்றைய பிள்ளைகள் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். கடல் கடந்து இருக்கும் அண்ணன் தம்பிக்கு, 'உன் தாயை நாங்கள் முறையாக அனுப்பி வைத்தோம், பார்' என்று காட்ட வேறு எந்த வழி இருந்தது, சொல்லுங்கள்.

1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969-லிருந்து குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாத நிலை. சிவப்புக் கார்டு வைத்திருந்தவர்கள் திண்டாடிப் போனார்கள். பெர்மிட் கிடைக்காத பலர் ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். ரஜூலா கப்பல் 1973 வரை ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் கடைக்கு வந்த குடும்பங்களை என்னால் மறக்க முடியாது. தீபாவளிக்கு வருகிற கூட்டம் மாதிரி இல்லை. யாரும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பவுடர் டப்பாவைத் தொடவில்லை. போகிறவரை நடுவில் உட்காரவைத்து, இருக்கிறவர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். இரண்டு பிரதி கேட்டார்கள். ஒன்று பெட்டிக்குள், ஒன்று சுவருக்கு. உங்கள் வீட்டில் அப்படி ஒரு படம் இருந்தால், அதன் ஜோடி தமிழ்நாட்டில் ஏதோ ஒரு கிராமத்து வீட்டில் இருந்தாலும் இருக்கும்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். வர்ணப் பிலிம் வந்தது; ஒரு மணி நேரத்தில் கழுவித் தரும் இயந்திரம் வந்தது; கைபேசி வந்தது. 2001-இல் மைகாட் வந்தபின் கார்டுக்குப் படம் எடுக்கவும் கடைக்குப் போக வேண்டியதில்லை. பதிவு அலுவலகத்திலேயே எடுத்துவிடுகிறார்கள். பிலிமுக்கே மறுபெயராக இருந்த கோடாக் நிறுவனம் 2012-இல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. தோட்டங்களும் துண்டாகி, செம்பனையாகி, வீடமைப்புப் பகுதியாகி, நம் மக்கள் தாமானுக்கும் அடுக்கு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

அப்படி வீடு மாறப் போகும் ஒரு சகோதரி கெடாவிலிருந்து எழுதியிருக்கிறார். மாமியார் வீட்டுப் படங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றனவாம். பாதிப் பேர் யாரென்றே தெரியவில்லையாம். புது வீட்டில் ஆணி அடிக்க இடமில்லை, தூக்கிப் போட்டுவிடலாமா என்று கணவர் கேட்கிறாராம். சகோதரிக்கும் அவர்போல் யோசிக்கிற மற்றவர்களுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மாமியார் இருக்கிறார் அல்லவா? வீடு மாறுவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவரைப் பாயில் உட்காரவைத்துப் படங்களை ஒவ்வொன்றாகக் கையில் கொடுங்கள். "இது யாரு அத்தை?" என்று மட்டும் கேட்டால் "தெரியலையேம்மா" என்றுதான் வரும். "இந்த ரவிக்கை யார் தைச்சது? இந்த நாற்காலி யார் வீட்டுது? இதுல ஏன் மாமா இல்லை?" என்று கேட்டுப் பாருங்கள். ரவிக்கை தைத்தவளில் ஆரம்பித்து, அவள் கல்யாணம், அவள் புருசன் குடித்தது, தோட்டத்தை விட்டுப் போனது என்று கதை வந்துகொண்டே இருக்கும். நடுவில் பெயர் தானாக விழும். பேசுவதை உங்கள் மகன் கைபேசியில் பதிந்துகொள்ளட்டும்.

படம் எந்தக் காலத்தது என்று ஓரளவு நீங்களே கண்டுபிடிக்கலாம். பின்பக்கம் திருப்புங்கள், கடை முத்திரையும் ஊர்ப் பெயரும் இருக்கும். ஓரத்தை நெளிநெளியாக வெட்டியிருந்தால் பெரும்பாலும் 1960-களுக்குள். வர்ணப் படம் முழுக்கச் சிவந்துபோய் இருந்தால் 1970-களை ஒட்டியதாக இருக்கலாம். மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி எண் விழுந்திருந்தால் சின்னக் கேமராக்கள் வந்த பிறகு எடுத்தது. கறுப்பு வெள்ளைப் படம் அறுபது ஆண்டானாலும் தெளிவாக இருக்க, அதற்குப் பின்னால் எடுத்த வர்ணப் படம் ஏன் மங்குகிறது என்று கேட்கிறீர்களா? முன்னது வெள்ளியால் ஆனது. நன்றாக அலசியிருந்தால் நிற்கும். பின்னது சாயம். சாயம் வெளுக்காமல் இருக்குமா? ஆகவே வர்ணப் படங்களை முதலில் கைபேசியில் பிரதி எடுத்துவிடுங்கள். ஜன்னல் ஓரத்து நிழல் வெளிச்சம் போதும், பிளாஷ் வேண்டாம். எடுத்ததை ஒரே கைபேசியில் வைக்காமல் அண்ணன் தம்பிகள் நாலு பேருக்கும் அனுப்பிவிடுங்கள்.

சட்டத்துக்குள் இருக்கும் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்கவே கூடாது. நம் நாட்டு ஈரக் காற்றில் படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். இழுத்தால் பாட்டியின் முகம் கண்ணாடியிலும் வெறும் காகிதம் உங்கள் கையிலும் வரும். கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுங்கள். பிசின் தடவிய பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளுமாக ஒரு காலத்தில் கல்யாணத்துக்குக் கல்யாணம் பரிசாக வந்த ஆல்பங்கள் இருக்கின்றனவே, அவை படங்களுக்கு எமன். சுலபமாக வருகிறவற்றை மட்டும் எடுங்கள். ஒட்டிக்கொண்டதற்கு அடியில் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை விட்டு மெல்ல அறுப்பதுபோல் இழுக்கலாம். அப்படியும் வராவிட்டால் விட்டுவிடுங்கள். பூஞ்சை பிடித்திருந்தால் ஈரத்துணியால் துடைக்காமல் நிழலில் காற்றாட வையுங்கள்.

பெயர் எழுதும்போது பால்பேனா வேண்டாம். அழுத்தம் முன்பக்கம் வரை தெரியும், மையும் ஊறும். படத்தைக் கவிழ்த்து வைத்து, முகத்துக்குப் பின்னால் வராதபடி, ஓரமாகப் பென்சிலால் எழுதுங்கள். பின்பக்கம் பிளாஸ்டிக் வழவழப்பாக இருக்கும் பிற்காலப் படங்களில் பென்சில் பிடிக்காது. அவற்றுக்கு ஒரு துண்டுத் தாளில் எழுதி, படத்தோடு சேர்த்து உறையில் போட்டுவிடுங்கள். 'பாட்டி' என்று மட்டும் எழுத வேண்டாம். உங்களுக்குப் பாட்டி, உங்கள் பேரனுக்கு யாரோ. முழுப் பெயர், யாருடைய மகள், எந்தத் தோட்டம், எத்தனாம் நம்பர் லயம், இவ்வளவும் எழுத இடம் இருக்கும். பென்சிலைச் சீவிக் கூராக்க வேண்டாம், மொட்டையாகவே இருக்கட்டும்.